மீன்பூவில் தொடங்கி வாற்பேத்தை வால் வரை: குருதிச் சுற்றோட்டத்தைக் கையால் தொட்டுப் படிப்பது எப்படி

மட்டக்களப்பில் மீன் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னமே மூடியைத் தூக்கிப் பூவைத்தான், அதாவது செவுளைத்தான், பார்ப்பார்கள். பூ செக்கச்செவேல் என்றிருந்தால் மீன் புதுசு, கபிலம் தட்டியிருந்தால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். வாவி மீனோ கடல் மீனோ, இது எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். ஆனால் சதை வெளிறிக் கிடக்கிற அதே மீனில் பூ மட்டும் ஏன் அவ்வளவு சிவப்பு என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். சுற்றோட்டத் தொகுதி என்ற பாடத்துக்கு வாசல் அந்தக் கேள்விதான்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள். இந்தப் பாடம் வந்தால் பிள்ளைகள் இதயத்தை அழகாகக் கீறி, ஒரு பக்கம் நீலமும் மற்றப் பக்கம் சிவப்பும் பூசி, பெயர்களை எல்லாம் பாடமாக்கி வைத்திருப்பார்கள். பிறகு, "காலில் உள்ள நாளத்தில் ஏற்றிய மருந்து மூளைக்குப் போவதென்றால் எந்த வழியால் போகும்?" என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் நேரே மேலே போகும் என்பார்கள். படம் மனதில் இருக்கிறது, ஓட்டம் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையைப் பாடப்புத்தகம் மாதிரி எழுதாமல், வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிற வரிசையில் எழுதுகிறேன். உயிரியல் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கும் சரி, பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க நினைக்கிற தாய் தகப்பனுக்கும் சரி, இதே வரிசை போதும்.

சொற்களைக் கொஞ்சம் சரிப்படுத்திக்கொள்ளுங்கள்

இணையத்தில் தமிழில் தேடினால் பெரும்பாலும் இந்தியத் தமிழ் வீடியோக்கள்தான் வரும், அங்கே தமனி, சிரை, செவுள் என்பார்கள். நம் புத்தகத்தில் தமனி என்பது நாடி, சிரை என்பது நாளம், செவுள் என்பது பூ. இதயத்தின் மேலறைகள் நமக்குச் சோணையறைகள், கீழறைகள் இதயவறைகள். இது தெரியாமல் குழம்பி, இரண்டும் வேறு வேறு உறுப்பு என்று நினைத்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

நாடி, நாளம் இரண்டுக்கும் ஒரே ஒரு வரைவிலக்கணத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது நாளம். ஒட்சிசன் கூடிய குருதி ஓடுவது நாடி என்று பாடமாக்க வேண்டாம், ஒட்சிசன் குறைந்த குருதி ஓடுகிற சுவாசப்பை நாடியில் அது பிழைத்துவிடும். அப்புறம், நாளத்தில் ஓடுவது நீலக் குருதியும் இல்லை. தோலுக்கு மேலிருந்து பார்க்கும்போது நீலமாகத் தெரிகிறதே தவிர உள்ளே இருப்பது கருஞ்சிவப்புத்தான், குருதி எடுக்கும்போது குழாய்க்குள் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

முதலாவது: இப்படி ஒரு தொகுதி எதற்கு?

கல்லடிக் கடற்கரையில் சில காலங்களில் ஜெலி மீன் ஒதுங்கிக் கிடக்கும். அதற்கு இதயமும் இல்லை, குருதியும் இல்லை. உயிருள்ள கலங்கள் மெல்லிய படைகளாகத்தான் இருக்கின்றன, நடுவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்க் களி. ஆகவே கடல்நீரிலிருந்து ஒட்சிசன் தானாகவே பரவி உள்ளே போய்விடுகிறது. இப்படித் தானாகப் பரவுவது ஒரு மில்லிமீற்றர் அளவு தூரத்துக்குத்தான் சரிவரும், அதற்குமேல் உள்ளே இருக்கிற கலம் காத்திருந்தே செத்துப்போகும். நம் தொடையின் நடுவில் இருக்கிற கலத்துக்கும் காற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தைக் கடத்திக் கொடுக்க ஒரு வாய்க்கால் வேண்டும்.

வாய்க்கால் என்றதும் நம் ஆட்களுக்கு வட்டைதான் ஞாபகம் வரும். நவகிரிக் குளத்திலிருந்தோ சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்தோ பெரிய வாய்க்காலில் வரும் தண்ணீர், கிளை வாய்க்காலில் பிரிந்து, கடைசியில் வரம்பில் வெட்டிய வக்கடையால் வயலுக்குள் இறங்கும். உடம்பிலும் பெருநாடி, அதிலிருந்து கிளை நாடிகள், அப்புறம் சின்ன நாடிகள், கடைசியில் மயிர்க்குழாய்கள். இதுவரைக்கும் உவமை சரி.

ஆனால் வயலுக்குள் இறங்கிய தண்ணீர் அங்கேயே ஊறி முடிந்துவிடும், குளம் நிரம்ப அடுத்த மாரி வரவேண்டும். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் குருதியைப் பற்றியும் இப்படித்தான் எண்ணினார்: சாப்பாட்டிலிருந்து ஈரல் குருதியைச் செய்கிறது, உடம்பு அதை உறிஞ்சி முடித்துவிடுகிறது, ஈரல் மறுபடி செய்கிறது. சும்மா இல்லை, ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் உலகம் அதை நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் இப்னு அந்-நபீஸ் மட்டும், இதயத்தின் வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கத்துக்குக் குருதி சுவாசப்பை வழியாகத்தான் போகிறது, நடுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எதுவும் இல்லை என்று எழுதி வைத்தார். முழுச் சுற்றையும் நிறுவியவர் வில்லியம் ஹார்வி, 1628ஆம் ஆண்டு வெளிவந்த தன் நூலில். அவர் கையில் எடுத்த ஆயுதங்களில் ஒன்று வெறும் பெருக்கல் கணக்கு. அதை நீங்களும் போடலாம்.

இரண்டாவது: நாடியைப் பிடித்துக் கணக்குப் போடுங்கள்

மணிக்கட்டில், பெருவிரலின் நேர்கீழே, எலும்பின் ஓரமாக இரண்டு விரல்களை வையுங்கள். பெருவிரலால் பிடிக்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு இருப்பதால் எது எது என்று தெரியாமல் போகும். ஆறுதலாக இருந்துகொண்டு ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். வளர்ந்த ஒருவருக்கு 60க்கும் 100க்கும் இடையில் வரும். பிறகு இருபது தரம் குந்தி எழும்பிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

இப்போது கணக்கு. ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளுவது ஏறக்குறைய 70 மில்லிலீற்றர், ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை அளவு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.9 லீற்றர். அரை மணித்தியாலத்தில் 147 லீற்றர், அதாவது 20 லீற்றர்த் தண்ணீர்க் கான் ஏழுக்கு மேல். அரை மணித்தியாலத்தில் ஏழு கான் குருதி செய்வதற்கு எந்த ஈரலால் முடியும், அதற்கு எவ்வளவு சோறு சாப்பிட வேண்டும்? முடியாது. அப்படியென்றால் போனதுதான் திரும்பி வருகிறது, வேறு வழி இல்லை. ஹார்வி எடுத்த அளவுகள் இதைவிட மிகவும் சிறியவை, அதற்கே விடை நம்ப முடியாத தொகையாக வந்தது.

நம் உடம்பில் இருப்பதும் ஏறக்குறைய 5 லீற்றர்தான். நிமிடத்துக்கு 5 லீற்றர் தள்ளுகிறது, மொத்தமே 5 லீற்றர், ஆகவே ஓய்வாக இருக்கும்போது குருதி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம். இந்த வசனத்தை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் உங்கள் கால் விரலிலிருந்து புறப்பட்ட குருதி இதயத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பு ஒரு கணம் பேசாமல் இருக்கும், எனக்கு மிகவும் பிடித்த கணம் அது.

மூன்றாவது: கையில் வால்வைத் தேடுங்கள்

போனது திரும்பி வருகிறது என்பதைக் கண்ணால் காண, நாளம் தெளிவாகத் தெரிகிற ஒரு கை வேண்டும். வயலில் வேலை செய்கிற அப்பாவின் கையோ தாத்தாவின் கையோ நல்லது. முழங்கைக்கு மேலே ஒரு துணியைச் சும்மா இறுக்கமாகக் கட்டுங்கள், விரல் விறைக்கிற மாதிரிக் கட்டக்கூடாது, இரண்டு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. குருதி உறைவு, நாள வீக்கம் போன்ற வருத்தம் உள்ளவர்களில் இதைச் செய்ய வேண்டாம்.

முன்கையில் நாளங்கள் புடைத்து எழும்பும். ஒரு நேரான நாளத்தில், மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். மற்றக் கை விரலால் அந்த இடத்திலிருந்து முழங்கைப் பக்கமாக, இடையில் தெரிகிற ஒரு சின்ன முடிச்சைத் தாண்டும் வரைக்கும் வழித்துக்கொண்டு போய், வழித்த விரலை எடுத்துவிடுங்கள். முடிச்சுக்கு மேலே நாளம் நிறைந்திருக்கும், கீழே தட்டையாக வெறுமையாகக் கிடக்கும், மேலே உள்ள குருதி கீழே வராது. இப்போது மணிக்கட்டுப் பக்க விரலை எடுங்கள். கீழிருந்து சட்டென்று நிரம்பும்.

அந்த முடிச்சுத்தான் வால்வு. ஹார்வி தன் நூலில் படம் போட்டுக் காட்டியதும் இதைத்தான். நாடியில் வந்த குருதி விரல்நுனி வரை போய், நாளத்தால் ஒரே திசையில், இதயத்தை நோக்கித் திரும்புகிறது. வட்டையில் வயலைத் தாண்டி வடிச்சல் வாய்க்கால் இருக்கிறதே, அந்த வடிச்சல் தண்ணீர் முழுவதையும் சேர்த்து மறுபடி குளத்துக்கே ஏற்றினால் எப்படியோ, நாளம் அப்படி.

நான்காவது: ஆட்டு இதயம் ஒன்று வாங்கி வாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை மச்சம் வீட்டுக்குள் வராத வீடுகளில் வேறு ஒரு நாள் பாருங்கள். ஆட்டு இதயம் நம்முடையதைவிடச் சிறிது, ஆனால் நான்கு அறையும் அதே ஒழுங்கில் இருக்கும்.

முதல் தடவை நான் வாங்கியபோது கறிக்கு வெட்டுகிற மாதிரியே மேல்பக்கத்தைச் சுத்தமாகச் சீவித் தந்துவிட்டார்கள். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நிற்க, கையில் இருந்தது கூம்பு மாதிரி ஒரு இறைச்சித் துண்டு மட்டும்தான், சோணையறையும் இல்லை, குழாயும் இல்லை. அடுத்த தரம் கல்முனையில் விளக்கமாகச் சொல்லியே வாங்கினேன்.

"காக்கா, இதயத்தை மேல்குழாயோட, கொழுப்பும் சீவாம அப்படியே எடுத்துத் தாங்க."

"ஏன் டீச்சர், கறிக்கு இல்லையா?"

"இல்ல காக்கா, புள்ளையளுக்குக் காட்ட."

அவர் ஒரு விரல் நீளத்துக்குக் குழாய் விட்டு வெட்டி, சொப்பிங் பையில் தனியாகப் போட்டுத் தந்தார். நீங்களும் இப்படிச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, உள்ளே உறைந்து கிடக்கிற குருதிக் கட்டிகளை விரலால் எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் கையில் வைத்து அமர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் மெதுவாக அமுங்கும், மற்றப் பக்கம் இறுகக் கட்டியாக இருக்கும். கட்டியான பக்கம் இடப் பக்கம், கீழ்முனையும் அதனுடையதே. இடம் என்பது ஆட்டின் இடம், உங்கள் இடம் இல்லை. படத்தில் இடமும் வலமும் மாறித் தெரிவதும் இதனால்தான்.

மேலே குழாய்களைப் பாருங்கள். தண்ணீர் ஹோஸ் மாதிரி, விட்டாலும் வட்டமாகத் திறந்தே நிற்கிற தடித்த வெள்ளைக் குழாய்தான் பெருநாடி. அதற்கு முன்னால், கொஞ்சம் மெல்லிய சுவருடன் இருப்பது சுவாசப்பை நாடி. விட்டால் ஒட்டிப் படுத்துவிடுகிற மெல்லிய குழாய்கள் நாளங்கள். இதயம் தள்ளுகிற அழுத்தத்தை நாடி தாங்க வேண்டும், ஆகவே தடிப்பு. நாளத்துக்கு அந்த வேலை இல்லை. இனி ஒரு ஈர்க்கை எடுங்கள், கூர்நுனியால் இல்லாமல் தடித்த பக்கத்தால் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்ல விட்டு, எந்த அறைக்குள் போய் நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு இந்த ஈர்க்கு வேலை கொடுத்தால் படத்தில் ஒரு மணித்தியாலத்தில் பிடிபடாதது பத்து நிமிடத்தில் பிடிபடும்.

அடுத்து, வெட்டாமலே இன்னொன்று செய்யலாம். பெருநாடி மேலே பார்த்திருக்கும்படி இதயத்தைப் பிடித்து, குழாய்ப் பைப்புக்குக் கீழே கொண்டுபோய்ப் பெருநாடிக்குள் மெல்லத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கி ஓடாது, குழாய் விளிம்பு வரை நிரம்பி நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்று மெல்லிய பைகள் தண்ணீரால் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, வாயை மூடிக்கொண்டிருப்பது தெரியும். அரைமதி வால்வு அது. எந்தத் தசையும் அதை மூடவில்லை, திரும்பி வரப்பார்த்த தண்ணீரே மூடிவிட்டது. காதை ஒருவரின் நெஞ்சில் வைத்தால் லப்-டப் என்று கேட்கிறதே, அதில் இரண்டாவது ஒலி இந்த வால்வுகள் மூடும் ஒலி. முதலாவது ஒலி, சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையில் இருக்கிற வால்வுகள் மூடுவது.

நிரம்பிய தண்ணீர் மெல்ல மெல்லக் குறைவதையும் காண்பீர்கள். அது பிழை இல்லை. வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன, தண்ணீர் அதற்குள்தான் போகிறது. அவை முடியுரு நாடிகளின் வாய்கள். இவ்வளவு குருதியைக் கையாளுகிற இதயம் தன் தசைக்கு வேண்டியதைத் தனக்குள் ஓடுகிற குருதியிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை, அதற்கென்று தனி வாய்க்கால் வைத்திருக்கிறது. வெளியே கொழுப்புக்கு நடுவில் கோடு கோடாக ஓடுவதும் அவைதான். அதில் ஒன்று அடைபட்டால் அதை நம்பியிருந்த தசை சாகத் தொடங்குகிறது, மாரடைப்பு என்பது இதுதான். நெஞ்சை நெரிக்கிற நோவு, வியர்வை, இடக் கைக்கோ தாடைக்கோ பரவுகிற நோவு வந்தால் வாய்வு என்று சொல்லி இஞ்சிக் கசாயம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். படுவான்கரைப் பக்கம் தூரத்தில் இருப்பவர்கள் இன்னும் வேகமாக முடிவெடுக்க வேண்டும்.

இனி வெட்டலாம். சுவாசப்பை நாடியிலிருந்து கீழ்முனை வரை நீளமாக வெட்டி வல இதயவறையைத் திறவுங்கள். பிறகு இடச் சோணையறையிலிருந்து கீழே வெட்டி இடப் பக்கத்தைத் திறவுங்கள். இரண்டு சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடச் சுவர் வலச் சுவரைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிப்பாக இருக்கும். வலப் பக்கம் பக்கத்திலேயே இருக்கிற சுவாசப்பைக்குத் தள்ளினால் போதும், மனிதனில் அதன் அழுத்தம் 25 மி.மீ. இரசம் அளவு. இடப் பக்கம் தலை முதல் கால் வரை தள்ள வேண்டும், 120 மி.மீ. இரசம் அளவு. கிளினிக் கொப்பியில் 120/80 என்று எழுதுவதில் மேலே உள்ளது இதயவறை சுருங்கும்போது நாடியில் உள்ள அழுத்தம், கீழே உள்ளது அது விரியும்போது உள்ளது.

வால்வின் விளிம்பிலிருந்து வெள்ளை நூல்கள் சுவருக்கு இறங்கியிருக்கும், ஒன்றை ஈர்க்கால் தூக்கிப் பாருங்கள். மெல்லிசாக இருந்தாலும் லேசில் அறாது. இதயவறை சுருங்கும்போது வால்வு குடை காற்றில் மறுபக்கம் மடிவதைப்போல மேலே மடிந்துவிடாமல் இந்த நூல்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன.

சரி, இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். காலில் ஏற்றிய மருந்து: கால் நாளம், கீழ்ப்பெருநாளம், வலச் சோணையறை, வல இதயவறை, சுவாசப்பை நாடி, சுவாசப்பை, சுவாசப்பை நாளம், இடச் சோணையறை, இட இதயவறை, பெருநாடி, அதற்குப் பிறகுதான் மூளை. ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு இந்த வழியை ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் குருதி இதயத்துக்குள் இரண்டு தரம் வந்து போகிறது. இரட்டைச் சுற்றோட்டம் என்ற பெயர் அதற்குத்தான்.

ஐந்தாவது: குசினியில் மற்ற விலங்குகள்

எந்த விலங்கைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். குருதி எப்போதும் குழாய்க்குள்ளேயே ஓடுகிறதா? ஒரு சுற்றில் எத்தனை தரம் இதயத்துக்கு வருகிறது? ஒட்சிசனைச் சுமப்பது எது?

மீன் ஆயும்போது பூவோடு சேர்த்து இழுத்தால், தொண்டைக்குக் கீழே, முன்செட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கருஞ்சிவப்பு முக்கோணத் துண்டு வரும், அதன் முனையில் வெள்ளையாக ஒரு குமிழ். அதுதான் மீனின் இதயம். ஒரு சோணையறை, ஒரு இதயவறை, அவ்வளவுதான். அது தள்ளுகிற குருதி முழுவதும் நேரே பூவுக்குப் போகிறது. அங்கே மெல்லிய தோலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான மயிர்க்குழாய்களில் பரவி, தண்ணீரிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, இதயத்துக்குத் திரும்பாமல் அப்படியே உடம்புக்குப் போய்விடுகிறது. ஒரு சுற்றில் ஒரே தரம், ஆகவே ஒற்றைச் சுற்றோட்டம். மீனின் குருதி எல்லாம் போகிற வழியில் இருப்பதால்தான் பூ அவ்வளவு சிவப்பு. மீன் செத்த பிறகு அந்தக் குருதியின் நிறம் மாறி மங்குவதைத்தான் சந்தையில் நாம் பார்த்துப் பேரம் பேசுகிறோம்.

சூரை மீனை வெட்டும்போது மட்டும் இன்னொன்றையும் கவனியுங்கள். அதன் சதை இறைச்சி மாதிரிச் சிவந்திருக்கும். ஓய்வில்லாமல் நீந்துகிற மீன் அது, தசையில் ஒட்சிசனைச் சேமித்து வைக்கிற மயோகுளோபின் நிறைய இருப்பதால் அந்த நிறம். சூரையில் நாடியும் நாளமும் நெருக்கமாகப் பின்னி ஓடுவதால், தசையில் உண்டாகும் சூடு பூவுக்குப் போய்த் தண்ணீரில் கரைந்துவிடாமல் உடம்புக்குள்ளேயே திருப்பப்படுகிறது. மீனுக்குள் சூடு இருக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை.

இறாலை எடுத்தால், முதுகில் ஓடுகிற கறுப்பு நூலைக் காட்டி "நரம்பு", "குருதிக் குழாய்" என்று சொல்வார்கள். அது குடல். இறாலின் இதயம் தலைப்பக்க ஓட்டுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக இருக்கிறது. அது குருதியைச் சில குழாய்களுக்குள் தள்ளும், அப்புறம் குழாய் முடிந்து, குருதி உடம்பின் இடைவெளிகளுக்குள் வெறுமனே கொட்டி, உறுப்புகளை நனைத்து, பூ வழியாகத் திரும்பி வந்து, இதயத்தின் துளைகளால் உள்ளே போகும். திறந்த சுற்றோட்டம் என்பது இது. நண்டும் அப்படித்தான். உயிர் நண்டின் கால் முறிந்தால் வடிவது சிவப்பாக இராது, நிறமில்லாத தண்ணீர் போலவோ லேசான நீலமாகவோ இருக்கும். நம் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினில் இரும்பு, நண்டிலும் இறாலிலும் இருக்கிற ஈமோசயனினில் செம்பு, அது ஒட்சிசனைப் பிடித்தால் நீலம் காட்டும்.

கணவாய் இவற்றையெல்லாம்விட அதிசயம். அதற்கு மூன்று இதயங்கள். இரண்டு பூவுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று இருந்து குருதியைப் பூவுக்குள் தள்ள, நடுவில் உள்ள மூன்றாவது இதயம் பூவிலிருந்து வந்ததை உடம்புக்குத் தள்ளும். நத்தை, மட்டி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான், அவற்றுக்குத் திறந்த சுற்றோட்டம் போதும், அவை ஆறுதலாக வாழ்கிறவை. கணவாய் இரை துரத்திப் பிடிக்கிற வேட்டைக்காரன், குருதி வேகமாகச் சுற்றியே ஆகவேண்டும், அதனால் மூடிய குழாய்த் தொகுதி. ஆனாலும் குருதியில் இருப்பது செம்புதான், கணவாய் ஆயும்போது கையில் சிவப்புப் படாததற்கு அதுவே காரணம்.

கரப்பான்பூச்சியை நசுக்கினாலும் சிவப்பு வராது. பூச்சிகளின் குருதி உணவைச் சுமக்கும், ஒட்சிசனைச் சுமக்கும் வேலை அதற்கு இல்லை. உடம்பின் பக்கங்களில் உள்ள துளைகளால் காற்று மெல்லிய குழாய்கள் வழியாக நேரே கலங்களுக்கே போகிறது. அப்படியென்றால் அடித்த நுளம்பில் சிவப்பு எப்படி வந்தது என்று பிள்ளை கேட்கும். அது நுளம்பின் குருதி இல்லை, நம்முடையது. மண்புழுவுக்கோ மூடிய குழாய்களும் சிவப்புக் குருதியும் உண்டு, தோலுக்கு மேலாகவே முதுகுக் குழாய் தெரியும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தவளைக்கு மூன்று அறை, தோலாலும் சுவாசிக்கிறது. பல்லிக்கும் பாம்புக்கும் இதயவறையில் முழுதாக மூடாத ஒரு தடுப்பு. வாவியில் இருக்கிற முதலைக்கு நம்மைப்போல நான்கு அறையும் உண்டு, அதோடு இரண்டு பெரிய நாடிகளுக்கும் இடையில் ஒரு துளையும் உண்டு, தண்ணீருக்கு அடியில் மூச்சடக்கிக் கிடக்கும்போது குருதியைச் சுவாசப்பைக்கு அனுப்பாமல் உடம்புக்கே திருப்பிவிடக்கூடிய அமைப்பு அதற்கு இருக்கிறது. கோழிக்கு நான்கு அறை, துடிப்பு நிமிடத்துக்கு 250ஐத் தாண்டும். அம்பாறைப் பக்கம் வயலுக்குள் இறங்குகிற யானையின் இதயம் நிமிடத்துக்கு 30 தரம் அளவில்தான் துடிக்கும். சின்ன உடம்பிலிருந்து சூடு வேகமாகக் கழன்றுபோவதால் அதன் கலங்கள் எரிபொருளை வேகமாக எரிக்க வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி இதயமும் ஓட வேண்டும்.

கடைசியாக: மயிர்க்குழாய்

இதயத்தைப் பார்த்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடம் மயிர்க்குழாய்தான். அது எவ்வளவு ஒடுக்கம் என்றால், 7 அல்லது 8 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் மடங்கி நெளிந்துதான் போகவேண்டும். பெரிய வாய்க்காலில் இரைந்து வந்த தண்ணீர் நூறு வயலுக்குப் பிரிந்ததும் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், மயிர்க்குழாய்களிலும் ஓட்டம் அப்படித்தான் மெதுவாகிவிடும். அந்த மெதுவில்தான் ஒட்சிசன் இறங்கிக் காபனீரொட்சைட்டு ஏறுகிறது.

மயிர்க்குழாயின் சுவர் ஒரே ஒரு கலத் தடிப்பு. டெங்குக் காய்ச்சல் கடுமையாகும்போது பழுதாவது இந்தச் சுவர்தான். காய்ச்சல் விடுகிற நாட்களில் குருதியின் நீர்ப்பகுதி சுவரால் கசிந்து வெளியே போகும், குழியங்கள் உள்ளேயே நிற்பதால் குருதி தடிக்கும். வார்டில் பிசிவி என்று அடிக்கடி குருதி எடுத்துப் பார்ப்பது இந்தத் தடிப்பைத்தான். குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து எழுதச் சொல்வதும் இதற்காகவே. நம் வீடுகளில் பிளேட்லெட் எத்தனை என்று மட்டும்தான் விசாரிப்பார்கள். பிசிவி ஏறுகிறதா என்றும் கேளுங்கள், காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதிப்படுகிற அந்த நேரம்தான் கவனம் கூட வேண்டிய நேரம்.

மயிர்க்குழாயை ஹார்வி காணவே இல்லை. நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எப்படியோ போகிறது என்று கணக்கால் அறிந்தார், வழியைக் காண்பதற்கு முன் 1657இல் இறந்துபோனார். நான்கு வருடம் கழித்து, 1661இல், மார்செல்லோ மல்பீகி தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியில் பார்த்து அந்த வழியைக் கண்டார்.

உங்களுக்கும் அது கிடைக்கும். மாரி பிடித்ததும் வயலோரத்திலும் வீட்டு வளவில் தேங்கிய தண்ணீரிலும் வாற்பேத்தைகள், அதாவது வாலுள்ள தவளைக் குஞ்சுகள், வரும். ஒன்றை ஒரு கரண்டியால் தண்ணீரோடு அள்ளி, கண்ணாடித் தட்டில் வைத்து, உடம்பின் மேல் நனைந்த பஞ்சுத் துண்டைப் போர்த்தி, வால் மட்டும் வெளியே இருக்கும்படி விடுங்கள். பாடசாலை நுணுக்குக்காட்டியில் சிறிய உருப்பெருக்கமே போதும். வாலின் கண்ணாடி போன்ற ஓரத்தில் முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழகியதும் மெல்லிய கோடுகளில் ஏதோ நகர்வது தெரியும். நீள்வட்டமான சின்னச் சின்னக் குழியங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தள்ளு தள்ளி, ஒரு கோட்டால் வாலின் ஓரத்துக்குப் போய், வளைந்து, பக்கத்துக் கோட்டால் திரும்பி வரும். போன வருடம் ஒரு பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து, "டீச்சர், திரும்புது" என்றாள். அந்தத் திருப்பம் தெரிகிற வரைக்கும் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காமல், பஞ்சு காய்வதற்குள் வாற்பேத்தையை அள்ளிய தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.